நான்காம் வீட்டுச் சமையலறை: எல்லையோர லைன் வீடொன்றில் எரிவாயுக் கசிவு, ஒரு நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்பாக எனக்குச் சொந்தமான லைன் வீடு ஒன்று இருக்கிறது. என் தகப்பனார் ஓடு வேய்ந்து கட்டியதை நான் பின்னாளில் கான்கிரீட் கூரையாக மாற்றினேன். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் ஆறு வீடுகளில், ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு அறையும், நடுவில் ஒரு அறையும், பின்னால் ஒன்பது அடிக்கு எட்டு அடியில் ஒரு சமையலறையும் உள்ளன. குடியிருப்பவர்களில் பாதிப்பேர் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தார். இரண்டாம் வீட்டில் வடநாட்டு இளைஞர்கள் நால்வர் தங்கியிருக்கிறார்கள். மற்றவர்கள் உள்ளூர்த் தமிழர்கள். இங்கே சிலிண்டரைக் ‘குற்றி’ என்று மலையாளத்திலும் சொல்வோம், சிலிண்டர் என்றும் சொல்வோம்.

ஒரு தை மாதத்தில் இந்த வரிசையின் நான்காம் வீட்டில் எரிவாயு கசிந்தது. தீப்பற்றவில்லை, யாருக்கும் காயமில்லை. அதனாலேயே இந்த நிகழ்வை நிதானமாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. எரிந்துபோன வீட்டில் காரணங்களும் சேர்ந்து எரிந்துவிடுகின்றன. இதில் என் பக்கத்துத் தவறுகள் எவை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

மாட்டுப்பொங்கல் இரவு

நான்காம் வீட்டில் கணவன், மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை என மூவர். போகியன்று மாலை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆனைமலையில் இருக்கும் அந்தப் பெண்ணின் தாய்வீட்டுக்குச் சென்றிருந்தார்கள். மாட்டுப்பொங்கலன்று இரவு பத்தரை மணியளவில் ஐந்தாம் வீட்டுப் பாட்டி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அங்கணக் குழிக்குள்ள இருந்து கேஸ் வாசம் வருது. எங்க அடுப்பு அணைஞ்சுதான் கிடக்குது. ஒருக்கா வந்து பாரு” என்றார்.

சமையலறையில் கழுவும் நீர் வடியும் அங்கணக் குழியிலிருந்து வாசம் வருகிறது என்று அவர் சொன்ன அந்த ஒரு விவரம் மிக முக்கியமானது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழும்பாது, தண்ணீரைப் போலத் தரையோடு படர்ந்து பள்ளம் தேடும். எங்கள் லைன் வீட்டில் ஆறு சமையலறைகளின் கழிவுநீரும் பின்புறத்தில் பலகைக்கல் மூடிய ஒரே சாக்கடையில் விழுந்து, முதல் வீட்டிலிருந்து ஆறாம் வீட்டை நோக்கிச் சரிந்து ஓடுகிறது. நான்காம் வீட்டில் தரையோடு தேங்கிய வாயு அங்கணக் குழி வழியாக அந்தச் சாக்கடைக்குள் இறங்கி, சரிவின் போக்கிலேயே சென்று ஐந்தாம் வீட்டின் குழியில் தலைகாட்டியது. நாம் கசிவு என்று உணரும் அந்த நாற்றம்கூட வாயுவுக்குச் சொந்தமானதன்று. எச்சரிக்கைக்காகச் சேர்க்கப்படும் மெர்காப்டான் என்னும் பொருளின் நாற்றம் அது.

நான் இருப்பது இருநூறு அடி தொலைவில். போய்ச் சேர்ந்தபோது நான்காம் வீட்டின் முன்வாசலில் வாசமே இல்லை. பின்பக்கக் கதவின் அடியில் குனிந்தால் மூக்கைத் துளைத்தது. அப்போதுதான் மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் கவனத்துக்கு வந்தன. இரண்டாம் வீட்டு இளைஞர்கள் தங்கள் சமையலறையில் அடுப்பை எரியவிட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய இரைச்சல் நடு அறைச் சன்னல் வழியாகக் கேட்டது. வீட்டின் மாற்றுச் சாவி என்னிடம் இல்லை. குடிவரும்போது நம்பிக்கையின் அடையாளமாக இரண்டு சாவிகளையும் அவர்களிடமே கொடுத்திருந்தேன்; அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன்.

குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் என்னை அதிகம் கலங்கடித்தது. அதன் மோட்டார் தானாக நின்று தானாக ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சிறு பொறி எழக்கூடும். வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் பொறி இருக்கிறது. ஆறு வீடுகளுக்குமான மீட்டர் பலகை முன்பக்கத் திண்ணையில், வாசம் எட்டாத இடத்தில் இருந்ததால், நான்காம் வீட்டின் மெயினை நான் அணைத்தேன். இது சரியா என்ற ஐயம் எனக்குப் பிறகும் இருந்தது. வந்த தீயணைப்பு அலுவலரிடம் கேட்டபோது, வாயு இல்லாத வெளிப்புறத்தில், காற்று வரும் பக்கத்தில் இருந்த மெயின் என்பதால் பாதகமில்லை என்றும், வாசம் வரும் இடத்தில் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்றும் விளக்கினார்.

இளைஞர்களின் அடுப்பை அணைக்கச் சொல்லி, எல்லா வீட்டாரையும் முன்பக்கச் சாலைக்கு வரவழைத்தோம். பாட்டியின் பேரன் கைபேசி விளக்கோடு பின்பக்கம் போகப் பார்த்தவனைத் தடுத்து நிறுத்தினேன். சாலையில் நின்றுகொண்டு 101-க்கும், எரிவாயுக் கசிவுக்கென இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் 1906-க்கும் அழைத்தோம். அதன் பின்னரே ஆனைமலைக்கு அழைத்தேன். அந்தப் பெண் பதறிப்போய், “ஏனுங்கண்ணா, ரெகுலேட்டரை மூடுனேனான்னு நெனப்பே இல்லீங்களே” என்றாள்.

தீயணைப்பு வண்டி வர அரை மணி நேரம் ஆயிற்று. வந்தவர்கள் முன்கதவுப் பூட்டின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கொண்டியை வெட்டினார்கள். உள்ளே போனவர் விளக்கைப் போடாமல், சன்னல்களைத் திறந்துகொண்டே பின்னால் சென்று, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியைப் போட்டு வெளியே தூக்கி வந்தார். மின்விசிறியைத் தொடாமல், கதவுகளைத் திறந்தே வைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கணவாய்க் காற்று அன்று பலமாக வீசியதால் வீடு சீக்கிரம் சுத்தமாயிற்று.

காலையில் பார்த்தவை

மறுநாள் காலை சிலிண்டரைப் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் ஏற்றினோம். அதன் மேல்வளையத்தில் வெற்று எடை 15.7 கிலோ என்று குறிக்கப்பட்டிருந்தது. தராசு 26.4 கிலோ காட்டியது. ஆகவே உள்ளே மிச்சம் 10.7 கிலோ. முழு உருளையில் 14.2 கிலோ இருக்கும். மாட்டி நான்கு நாள் சமைத்த பிறகே ஊருக்குப் போயிருக்கிறார்கள். சமையலுக்கு ஒன்றரை கிலோ போயிருக்கும் என்று வைத்தால், இரண்டு நாளில் ஏறத்தாழ இரண்டு கிலோ கசிந்திருக்கிறது. இது என் மதிப்பீடு மட்டுமே.

இரண்டு கிலோ என்பது சிறிதாகத் தோன்றலாம். அந்தச் சமையலறையின் கொள்ளளவு 720 கன அடி, அதாவது ஏறத்தாழ 20 கன மீட்டர். காற்றில் இந்த வாயு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே தீப்பற்றும் எல்லைக்கு வந்துவிடும். ஒன்பது பங்குக்கு மேல் போனால்தான் கலவை எரிய மறுக்கும். 20 கன மீட்டரில் நூற்றுக்கு இரண்டு என்பது 0.4 கன மீட்டர். ஒரு கிலோ எரிவாயு ஆவியானால் ஏறக்குறைய அரை கன மீட்டர் இடத்தை நிரப்பும். ஆக, அந்த அறை முழுவதையும் அபாய எல்லைக்குக் கொண்டுவர ஒரு கிலோவே அதிகம். வாயு தரையோடு படிவதால் கணுக்கால் மட்டத்தில் அந்த எல்லையை இன்னும் குறைந்த அளவிலேயே எட்டிவிடும். முதல் நாளே வெடித்திருக்க வேண்டியது வெடிக்காமல் போனதற்கு, வாயு மெதுவாகக் கசிந்ததும், பின்கதவின் அடியிலும் அங்கணக் குழியிலும் வழிந்து போனதுமே காரணமாக இருந்திருக்க வேண்டும். அதாவது சாக்கடை ஒரு வீட்டைக் காப்பாற்றி, அடுத்த வீட்டுக்கு ஆபத்தை அனுப்பியது.

கசிந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் திறந்த வெளியில் அதே சிலிண்டரையும் அதே டியூபையும் மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவினோம். இதைச் செய்தவர் நான் அழைத்து வந்த அனுபவமுள்ள ஒரு மெக்கானிக். நானாக முயலவில்லை. ரெகுலேட்டர் இணையும் இடத்தில் குமிழ் இல்லை; சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம், நம்மவர்கள் ‘வாஷர்’ என்று சொல்வது, நன்றாகவே இருந்தது. டியூபின் அடுப்புப் பக்க முனையில், கிளிப் கவ்வியிருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை பின்னால், மிளகளவு குமிழ்கள் கோத்துக்கொண்டு எழுந்தன. டியூபை அங்கே வளைத்துக் காட்டினார். வெயிலில் காய்ந்த களிமண் போல நுண்ணிய வெடிப்புகள். அடுப்பின் சூடு தினமும் படும் இடம் அது. டியூபும் எஃகுக் கம்பி வலை பொதிந்த ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் குழாய் அன்று. எங்கோ ஒரு கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிய பச்சை நிற ரப்பர் குழாய். அதில் தர முத்திரையோ தயாரிப்பு ஆண்டோ இல்லை. இந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற அடுப்போடும் டியூபோடும் இவர்கள் குடித்தனத்தைத் தொடங்கியிருந்தார்கள். விட்டுச்சென்றதை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான்.

அடுத்தது நான் எழுதத் தயங்கிய விவரம். என் தகப்பனார் கட்டியபோது ஒவ்வொரு சமையலறையிலும் தரைக்கு அரை அடி மேலே, பின்சுவரில், ஒரு செங்கல் அளவுக்குத் துளை விட்டிருந்தார். விறகடுப்புக் காலத்துப் புகைக்கும் அந்தத் துளைக்கும் தொடர்பில்லை. கழுவித் தள்ளும் நீருக்கும் ஈரம் உலர்வதற்கும் அவர் விட்டிருக்க வேண்டும். எரிவாயு வந்த பிறகு அதுவே அந்த அறையின் மிகச் சிறந்த பாதுகாப்பு ஏற்பாடாக ஆகியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெள்ளையடித்தபோது, எலி வருகிறது என்ற புகாரை ஏற்று, ஆறு வீடுகளிலும் அந்தத் துளையைச் சிமெண்டு வைத்து அடைத்தவன் நான். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்காததற்கு ஒரு காரணமும் உண்டு. கார்த்திகை முதல் மாசி வரை பாலக்காட்டுக் கணவாயில் வீசும் கிழக்குக் காற்று எங்கள் ஊரில் அடுப்பைச் ‘சிம்’மில் நிற்க விடாது. பால் காய்ச்சும் நேரத்தில் சுடர் அணைந்துபோவதும், அணைந்தது தெரியாமல் வாயு வந்துகொண்டிருப்பதும் இங்கே எல்லாப் பெண்களுக்கும் பழகிய அனுபவம். எனவே காற்று வரும் வழியை அடைப்பதே பாதுகாப்பு என்று எல்லோருக்கும் தோன்றியிருந்தது. சன்னலுக்கும் நான்காம் வீட்டார் பிளைவுட் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்பு வந்த அழைப்பு

அய்ப்பசி மாதத்தில் அந்தப் பெண் ஒருமுறை என்னை அழைத்து, சமைத்து முடித்த பிறகும் லேசாக வாசம் வருவதாகச் சொன்னாள். நான் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது: “அம்மிணி, அது ஏஜென்சிக்காரங்க பார்க்குற வேலை. அவங்களுக்குச் சொல்லு.” பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சொல்லும் பதில் இதுவே. சுவரும் கூரையும் நம்முடையவை, சிலிண்டர் கம்பெனியுடையது, அடுப்பு குடியிருப்பவருடையது என்று நாம் மனத்துக்குள் பாகம் பிரித்து வைத்திருக்கிறோம்.

அவள் சொன்னபடியே செய்திருக்கிறாள். அந்த இணைப்பு ஆனைமலையில் இருக்கும் அவளுடைய தாயின் பெயரில், அந்த ஊர் முகவரியில், பொள்ளாச்சிப் பக்கத்து ஏஜென்சி ஒன்றில் பதிவானது. சிலிண்டர் தீர்ந்தால் கணவன் ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து எல்லையைத் தாண்டிக் கொண்டுவருவான். அவள் அந்த ஏஜென்சியை அழைத்தபோது, கேரளத்துக்கு மெக்கானிக் வரமாட்டார் என்றார்கள். இங்குள்ள ஏஜென்சியைக் கேட்டபோது, நுகர்வோர் எண் தங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டு பதிலும் அவரவர் ஒழுங்குப்படி சரி. கசிவு உண்டானால் எந்த ஏஜென்சி என்று பாராமல் 1906-க்கு அழைக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் அவளிடம் சொல்லவில்லை.

எரிவாயுப் பாதுகாப்புக்கான ஏற்பாடு முழுவதும் நுகர்வோரின் பெயரையும் பதிவான முகவரியையும் பிடித்துக்கொண்டு நடக்கிறது. புதிய இணைப்பு தருவதற்கு முன் சமையலறையைப் பார்ப்பதும், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் கட்டாயச் சோதனையும், டியூப் மாற்றச் சொல்லி வரும் நினைவூட்டலும் அந்த முகவரிக்கே போகும். ஆனைமலையில் தாயின் வீட்டுக்கு ஒருவேளை மெக்கானிக் வந்து, அங்கே இருக்கும் வேறு அடுப்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கலாம். எரியும் அடுப்பு இருந்தது கொழிஞ்சாம்பாறையில்.

காப்பீட்டிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துவைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டின்படி, எரிவாயு விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாயும், மருத்துவச் செலவுக்கு ஒரு விபத்துக்கு 30 லட்சம் வரையிலும், அதில் ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம் வரையிலும் வழங்கப்படுகிறது. பொருட்சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. ஆனால் அது நுகர்வோரின் பதிவு செய்யப்பட்ட முகவரியில் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே. நான்காம் வீடு அன்று இரவு இடிந்து விழுந்திருந்தால், அந்த வீடு யாருடைய பதிவிலும் இல்லை. இழப்பு முழுவதும் என் தலையில் விடிந்திருக்கும். குடியிருப்பவருடைய சிலிண்டர் வீட்டுக்காரருக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்தவனுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

அவர்கள் ஏன் இணைப்பை இங்கே மாற்றிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். கணவன் நேராகப் பார்க்காமல், “முகவரிக்கு வாடகைப் பத்திரம் கேக்கறாங்க. நீங்கதான் பத்திரம் வேண்டாம்னு சொன்னீங்களே, அண்ணா” என்றான். உண்மை. எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் நாளை வீட்டைக் காலி செய்ய மறுப்பார்களோ என்ற பயம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பலருக்கு உண்டு; எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தால் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் முகவரி இல்லை, முகவரி இல்லாததால் இணைப்பு மாறவில்லை, இணைப்பு மாறாததால் சோதிக்க ஆள் வரவில்லை. வெடித்த டியூபிலிருந்து நூல் பிடித்துக்கொண்டே வந்தால், அது என் அலமாரியில் எழுதாமல் கிடந்த முத்திரைத்தாளில் வந்து முடிகிறது. இந்த ஆய்வில் நான் கண்ட முதன்மையான காரணம் இதுவே. மற்றவை அதன் கிளைகள்.

சட்டம் எவ்வளவு தூரம் வருகிறது

வீட்டுக்காரர் ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை செய்து சான்று தர வேண்டும் என்று நம் நாட்டில் விதி இல்லை. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் விதிகளின்படி, வாடகை வீட்டில் வீட்டுக்காரர் கொடுத்திருக்கும் எரிவாயுச் சாதனங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு சோதித்து, அந்தப் பதிவேட்டின் நகலைச் சோதனை முடிந்த 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் வாயு குழாய் வழியாக வருகிறது, கொதிகலன் வீட்டோடு சேர்ந்தது. ஆகவே பொறுப்பு வீட்டுக்காரரைச் சேர்வது இயல்பு. இங்கே சிலிண்டரும் அடுப்பும் குடியிருப்பவரோடு வந்து அவரோடு போகின்றன. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்திலும், சமையலறைப் பொருத்துகளின் பழுது குடியிருப்பவரின் பட்டியலில்தான் வருகிறது.

ஆனாலும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவில், குடியிருப்பவரால் சாதாரணக் கவனத்தில் கண்டுகொள்ள முடியாததும் தனக்குத் தெரிந்ததுமான முக்கியக் குறையை வீட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சுண்ணாம்பு பூசி மறைத்த துளையைப் புதிதாகக் குடிவந்தவர் எப்படிக் கண்டுகொள்வார்? நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் அந்த வரியைப் படித்தபோது என் சுவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

செய்தவை, அவற்றில் நின்றவை

முதல் வேலையாக ஆறு துளைகளையும் மறுபடி திறந்தேன். எலிக்குக் கம்பி வலை அடித்தேன். காற்றுக்கு என்ன செய்வது என்பதில்தான் நேரம் பிடித்தது. கொத்தனார் சொன்ன யோசனைப்படி, துளைக்கு வெளியே நான்கு விரல் தள்ளி, கீழும் பக்கங்களும் திறந்த ஒரு தகரத் தடுப்பைப் பதித்தோம். காற்று நேராக உள்ளே பாயாது. உள்ளே படிந்த வாயு கீழே வழிந்து வெளியேறத் தடையில்லை. அடுப்புத் திண்ணையில் பர்னரின் கிழக்குப் பக்கம் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு கடப்பாக்கல் நிறுத்தினேன். இந்தக் கல் வந்த பிறகே சன்னலின் பிளைவுட் அட்டையை எடுக்கச் சம்மதித்தார்கள். சன்னலைத் திறந்து வையுங்கள் என்று வாயால் சொல்வது எளிது. சுடர் நிற்க வழி செய்யாமல் அதைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆறு அங்கணக் குழிகளுக்கும், எப்போதும் நீர் தேங்கி நிற்கும் ‘டிராப்’ வளைவு வைக்கப்பட்டது. ஒரு வீட்டுக் கசிவு அடுத்த வீட்டுக்குப் போகும் பாதை இதனால் அடைபட்டது. ஆனால் பல நாள் பூட்டிக்கிடக்கும் வீட்டில் அந்த நீர் வற்றிவிடும் என்பதால், ஊருக்குப் போகும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

டியூபை இப்போது நானே வாங்கித் தருகிறேன். ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் குழாய், ஒன்றரை மீட்டர், ஆயுள் ஐந்து ஆண்டு. அதன் விலை என் ஒரு மாத வாடகையோடு ஒப்பிட்டால் கணக்கில் சேர்க்கத் தக்கதன்று. ஆள் மாறும்போதெல்லாம் டியூப் மாறும். மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் சமையலறைக் கதவின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதுகிறேன். அதற்குக் கீழே 1906 என்ற எண்ணும், செய்ய வேண்டியவை நான்கு வரியும் தமிழ், மலையாளம், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் இருக்கின்றன. பாதுகாப்புத் துண்டறிக்கைகள் இங்கே மலையாளத்தில் வருகின்றன. மலையாளம் பேசத் தெரிந்த எங்கள் ஆட்களில் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

மாற்றுச் சாவி இப்போது குடியிருப்பவர் கையெழுத்திட்டு ஒட்டிய உறையில் என்னிடம் இருக்கிறது. உறை பிரிந்திருந்தால் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இதை முதலில் எதிர்த்தவர் முதல் வீட்டில் குடியிருப்பவர். வயதுவந்த பெண் இருக்கும் வீட்டின் சாவியை வெளியாளிடம் எப்படிக் கொடுப்பது என்றார். நியாயமான கேள்வி. அவர் சாவி இப்போது ஐந்தாம் வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறது.

கசிவை மோப்பம் பிடித்து ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வாங்கி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நான்காம் வீட்டில் பொருத்தினேன். இந்த வாயுவுக்கு அதைக் கூரையருகே மாட்டினால் பயனில்லை. நல்ல கருவிதான், ஆனால் பூட்டிய வீட்டில் அது கத்துவதைக் கேட்க யாராவது இருக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு ஊருக்குப் போனால் அதுவும் அணைந்துவிடும். மற்ற ஐந்து வீடுகளுக்கு அந்தப் பணத்தைத் துளைக்கும் டியூபுக்கும் செலவிட்டேன்.

வாடகைப் பத்திரம் ஆறு வீடுகளுக்கும் எழுதப்பட்டுவிட்டது. குடிவந்த ஒரு மாதத்துக்குள் எரிவாயு இணைப்பை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு வேண்டிய தாளை வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்திருக்கிறேன். நான்காம் வீட்டுப் பெண்ணின் தாய் தன் இணைப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ள, இவர்கள் இங்கே புதிதாக ஒன்று எடுத்தார்கள். முதல் சிலிண்டரோடு வந்த மெக்கானிக், துளையைப் பார்த்துவிட்டு, “இது யார் விட்டது?” என்று கேட்டாராம். “வீட்டுக்காரரோட அப்பா” என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

தீராதது இரண்டாம் வீடு. அந்த இளைஞர்கள் வைத்திருந்தது ஏஜென்சிச் சிலிண்டரே இல்லை. சந்தையில் வாங்கிய, தர முத்திரை இல்லாத சின்ன உருளை. அதை வீட்டு உபயோகச் சிலிண்டரிலிருந்து கடைக்குள் இறக்கி நிரப்பித் தருகிறார்கள். அப்படி நிரப்புவது சட்டவிரோதம். எடையும் தெரியாது, வால்வும் நம்பத் தக்கதன்று. முகவரிச் சான்று இல்லாமலே பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் 5 கிலோ முத்திரைச் சிலிண்டரை வாங்கச் சொல்லி, முதல் முறைக்கான முன்பணத்தில் பாதியை நானே கொடுத்தேன். மூன்று மாதம் அதை வைத்திருந்தார்கள். நால்வரில் இருவர் ஊருக்குப் போய், புதிதாக இருவர் வந்தபோது, பழைய உருளை ஒன்று மறுபடி திண்ணைக்கடியில் சாக்குப் போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. முத்திரைச் சிலிண்டரை நிரப்பப் போய்வர அரை நாள் கூலி போகிறது என்றும், சின்ன உருளையைத் தெருமுனையிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

அதை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன், எடுத்து வைத்தார்கள். இப்போது வாரத்துக்கு ஒருமுறை, 5 கிலோ சிலிண்டர் தீர்ந்த அன்று, என் பழைய ஜீப்பில் போட்டு நானே நிரப்பி வந்து கொடுக்கிறேன். இது எத்தனை நாள் நடக்கும் என்று என் மனைவி கேட்கிறாள். அடுத்த காற்று மாதம் வரையாவது நடத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.